ஒரு குல்ஹுவல்லாஹ் நேரம்

எங்கள் வீட்டில் கெமரா வேண்டுமென்று ஒருவரும் கேட்கவில்லை. சவூதியில் வேலை செய்த என் கணவர், எழுபதுகளின் கடைசியில் முதல் விடுமுறைக்கு வந்தபோது, கெசட் ரேடியோ, சாரித் துணி, அத்தர்ப் போத்தல் எல்லாவற்றோடும் அதையும் தூக்கிக்கொண்டு வந்தார். வந்தவருக்கு அதைக் கையாளத் தெரியவில்லை. எல்லோரையும் வெயிலுக்கு முகம் காட்டி நிற்கவைத்துவிட்டுத் தன் விரலை லென்ஸுக்கு முன்னால் வைத்துக்கொண்டு படமெடுப்பார். கழுவி வந்த முதல் பிலிமில் பாதிக்கு அவருடைய சுட்டுவிரல்தான். எனக்குப் பொறுமை குறைவு. இங்கே தாருங்கள் என்று பிடுங்கிக்கொண்டேன். அன்றிலிருந்து அது என் கெமரா.

அவர் திரும்பிப் போகும்போது கெமராவை என்னிடம் விட்டுவிட்டு என் தம்பியைக் கூட்டிக்கொண்டு போனார். அங்குதான் வீட்டில் மனக்கசப்பு வந்தது.

வாப்பாவுக்கு வயல்தான் உலகம். தனக்குப் பின்னால் அதைப் பார்க்க இருப்பவன் தம்பி ஒருவன்தான் என்று நினைத்திருந்தார். அவன் வெளிநாட்டுக்குப் பெயர் கொடுத்தது தெரிந்த நாளிலிருந்து அவனோடு கதைப்பதைக் குறைத்துவிட்டார். பயணத்துக்கு வரச்சொல்லி ஏஜென்சிக்காரரின் தந்தி வந்தபோது அறுவடை முடிந்து சூடடித்து நெல் பிரிக்கும் காலம். வாப்பா வயலில் போட்ட வாடிக் குடிசையிலேயே தங்கியிருந்தார். ஆள் அனுப்பினோம். களத்தை விட்டுவிட்டு வர ஏலாது என்று பதில் வந்தது.

எங்கள் பக்கத்தில் பயணம் போகிறவனுக்கு ஒரு முறை இருக்கிறது. வீட்டிலுள்ள பெரியவர்களுக்கு சலாம் சொல்லிக் கைகொடுத்து, துஆக் கேட்டுக்கொண்டுதான் இறங்குவான். வேலியில் வாசல் விட்ட இடத்தைக் கடப்படி என்போம். வீட்டார் எல்லோரும் அந்தக் கடப்படியில் நின்று, போகிறவன் வீதி முடக்கில் திரும்பும்வரை கைகாட்டிக்கொண்டிருப்போம். தம்பி வாப்பா இல்லாத கடப்படியில் வெகுநேரம் நின்றான். பஸ்ஸுக்கு நேரம் போய்க்கொண்டிருந்தது. உம்மா அழுதார். கடைசியில் என் கணவரோடு போனான். நாங்கள் கைகாட்டினோம். அவன் திரும்பித் திரும்பிப் பார்த்தது எங்களை அல்ல, வயலிலிருந்து வரும் வீதியைத்தான்.

சூடடித்து முடிந்து நெல்லோடு வந்த வாப்பா அவனைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. சாப்பிட்டுவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போனார். எனக்கு வந்த கோபத்தை என்னென்று சொல்வது. ஆனால் வாப்பாவிடம் கோபத்தைக் காட்டி எனக்குப் பழக்கமில்லை. உம்மாவிடம் காட்டினேன். உம்மா அதைக் கோழிகளிடம் காட்டினார்.

பிள்ளைகள் அப்போது எனக்கு இல்லை. பள்ளிக்கூடத்தில் படிப்பித்துவிட்டு வந்தால் வீடு வெறிச்சென்று கிடக்கும். கெமராவை எடுத்தேன். கல்முனைப் பக்கத்தில் அந்தக் காலத்தில் ஒரு பொம்பிளை அதைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருவில் இறங்க முடியாது. நான் இறங்கியிருந்தால், டீச்சர் படம் பிடிக்கத் திரிகிறா என்ற கதை என்னை முந்திக்கொண்டு நிந்தவூருக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். ஆகவே என் உலகம் எங்கள் வளவுதான். கிணறு, கோழிக்கூடு, சூறாவளியில் பாதி விழுந்தும் காய்த்துக்கொண்டிருந்த மாமரம், வேலி. இவ்வளவையும் எத்தனை தரம் எடுப்பது? சலித்துப் போனபோதுதான் கெமராவின் தலையிலிருந்த, திருகிச் சுழற்றும் சின்னச் சில்லைக் கவனித்தேன்.

அந்தச் சில்லில் ஆயிரம், ஐந்நூறு என்று தொடங்கி ஒன்றுவரை இலக்கங்கள் குறைந்துகொண்டு வரும். பிலிமுக்கு முன்னால் இருக்கும் திரை எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதை அது சொல்லும். ஆயிரத்தில் வைத்தால் வினாடியை ஆயிரம் பங்காக்கி அதில் ஒரு பங்கு நேரம். ஒன்றில் வைத்தால் முழு வினாடி. ஒன்றுக்கும் அப்பால் ஓர் ஆங்கில எழுத்து இருந்தது. அதில் வைத்தால் நாம் விசையை விடும்வரை திறந்தபடியே கிடக்கும்.

முதலில் வேகத்தில்தான் எனக்கு மயக்கம். ஐந்நூறில் வைத்துக்கொண்டு, கிணற்று வாளியைக் கவிழ்க்கச் சொல்லி எடுத்தேன். தண்ணீர் கண்ணாடித் துண்டுகளாக உடைந்து அந்தரத்தில் நின்றது. உம்மா சுளகில் அரிசி புடைக்கும்போது எடுத்தேன். அரிசி சுளகுக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது. உம்மா படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதில ஒரு மணியாச்சும் கீழ விழுந்திச்சா இல்லையா என்று கேட்டார். உண்மையில் அவருக்கு அதுதான் கவலை.

பிறகு மெதுவான பக்கத்துக்கு வந்தேன். அதற்கு வெளிச்சம் குறைவாக இருக்க வேண்டும். சுபஹுத் தொழுகைக்குப் பிறகு, சூரியன் கடலுக்கு மேலே வருவதற்கு முன்னால் இருக்கும் அந்தச் சாம்பல் வெளிச்சம் தோதாக இருந்தது. கெமரா அசையக்கூடாது. மூன்று கால் தாங்கி என்னிடம் இல்லை. அரிசி இடிக்கும் உரலைக் கவிழ்த்து வைத்து, மேலே மணல் நிரப்பிய தலையணை உறையைப் போட்டு, அதில் கெமராவைப் பதித்துவைப்பேன். விசைக்கு ஒரு வயர் இருந்தது. அதை அழுத்திப் பூட்டிவிட்டு நேரத்தை எண்ணுவேன்.

எண்ணுவதில்தான் என் குணம் குறுக்கே வந்தது. ஒண்டு, ரெண்டு என்று தொடங்குவேன். பால்காரன் மணியடிப்பான், பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது என்று நினைவு வரும், மீதியை ஓட்டமாக எண்ணி முடித்துவிடுவேன். படம் இருண்டு போகும். கடைசியில் எண்ணுவதை விட்டுவிட்டு ஓதத் தொடங்கினேன். குல்ஹுவல்லாஹு அஹது என்று தொடங்கும் அந்தச் சின்ன சூராவை, குர்ஆன் மதரஸாவில் கண்ணை மூடி ஓதப் பழகிய அதே ராகத்தில் ஒருமுறை ஓதினால், வேலியும் கிணற்றுக்கட்டும் அளவாகப் படத்தில் விழுந்தன. இன்னும் இருட்டாக இருந்தால் இரண்டு தரம். உம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. ஓதுவதைப் படம் எடுக்கிற அளவுகோலாக்கலாமா என்றார். உள்ளேயிருந்த வாப்பா, ஓதுறதுல என்ன பிழை, நிறுத்தி ஓதினாச் சரி என்று சொன்னது கேட்டது. படங்களைப் பற்றி அவர் வாய் திறந்தது அதுதான் முதல் தரம்.

ஏனென்றால் வாப்பாவுக்கு உருவப்படம் ஆகாது. முகம் விழுந்த படம் இருக்கிற வீட்டுக்கு ரஹ்மத்துடைய மலக்குமார், அருள் கொண்டுவரும் வானவர்கள், வரமாட்டார்கள் என்பதில் அவர் உறுதி. என் கெமராவை அவர் தடுக்கவில்லை. ஆனால் படங்களைச் சுவரில் மாட்டக்கூடாது, தன்னை எடுக்கவே கூடாது. படங்களை பிஸ்கட் டின்னில் போட்டு மூடிவைத்திருந்தேன். வாப்பாவின் முகம் விழுந்த ஒரே படம் அடையாள அட்டையில் இருந்தது. அது சட்டத்துக்காக எடுத்தது என்பார். அதிலும் களவில் பிடிபட்டவர் போலத்தான் இருப்பார். அந்த அட்டையை இடுப்பு வாரிலிருந்து அவர் கழற்றவே மாட்டார்.

அந்த நேரத்தில்தான் தம்பியின் கெசட் வந்தது. அப்போதெல்லாம் சவூதியிலிருந்து கடிதத்தை விடக் கெசட்தான் அதிகம் வரும். அங்கே பேசிப் பதிந்து, ஊருக்கு வருகிறவர்களிடம் கொடுத்துவிடுவார்கள். நாங்களும் இங்கே பேசி அனுப்புவோம். வாப்பா மட்டும் பேசமாட்டார். மெசினோடு கதைக்க எனக்கு வராது என்று எழும்பிப் போய்விடுவார். தம்பி அந்தக் கெசட்டில் வெக்கையைப் பற்றி, ரொட்டியைப் பற்றி, ஒரே அறையில் படுக்கும் ஆட்களின் குறட்டையைப் பற்றியெல்லாம் சொல்லிச் சிரித்தான். கடைசியில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. கெசட் முடிந்துவிட்டது என்று நிறுத்தப் போனேன். அப்போது அவன் குரல் வந்தது.

"ராத்தா, வாப்பாட படம் ஒண்டு எடுத்து அனுப்புங்க. கண்ண மூடினா அவர்ட தொப்பி வருகுது, தாடி வருகுது. முகம் வருகுதில்ல."

வாப்பா முன் விறாந்தையில் மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தார். தட்டுகிற சத்தம் நின்றது. பிறகு எழுந்து கிணற்றடிக்குப் போய் வெகுநேரம் முகம் கழுவினார்.

அன்றிலிருந்து உம்மா என்னைப் போட்டு அரித்தெடுத்தார். அவருக்குத் தெரியாமல் எடு, நீதான் அரிசியை அந்தரத்தில் நிறுத்துகிறவளாச்சே, சன்னலால் ஒரு நொடியில் எடுத்துவிட்டால் யாருக்குத் தெரியும் என்றார். எனக்கும் ஆசை வந்தது என்பதை மறைப்பானேன். ஒரு பின்னேரம் அறைச் சன்னலில் நின்று வாப்பாவைப் பார்த்துக் கெமராவின் லென்ஸைத் திருகிக் கூர்மையாக்கினேன். மாட்டின் கழுத்துக் கயிற்றைத் தளர்த்திக்கொண்டு அதோடு ஏதோ கதைத்துக்கொண்டிருந்தார். சில்லு ஐந்நூறில் இருந்தது. விரல் விசையில் இருந்தது. ஆனாலும் எடுக்கவில்லை.

பாவம் என்று பயந்து அல்ல. தம்பி என்ன கேட்கிறான் என்று அப்போதுதான் யோசித்தேன். மாட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு மனிதனின் படத்தையா அவன் கேட்கிறான்? கடப்படியில் நின்று அவன் தேடிய முகம் அவனைப் பார்க்கிற முகம். வேகத்தில் எடுத்தால் எந்த முகத்தையும் எடுத்துவிடலாம், அந்த முகம் தராததையும் சேர்த்து. தரவேண்டியவர் தராமல் நான் எடுத்து அனுப்பி அவனுக்கு என்ன வரப்போகிறது? கெமராவை உறையில் போட்டு மூடினேன். உம்மா ஒரு கிழமை என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

வழி திறந்தது உம்மாவின் விளக்குமாற்றால். ஒரு விடியற்காலையில் அவர் முற்றம் கூட்டுவதை உரலில் வைத்து எடுத்தேன். ஒரு குல்ஹுவல்லாஹ் நேரம். கல்முனைச் சந்தையருகே இருந்த ஸ்டூடியோக்காரர் படங்களைத் தரும்போது வழமைபோல மூஞ்சியைச் சுருக்கினார். அவரைப் பொறுத்தவரை அசைந்த படமெல்லாம் பிழைத்த படம். ஆடினதை அவர் பிரிண்ட் போடவே மாட்டார், காகிதம் வீண் என்பார். இதை மட்டும் போட்டிருந்தார், ஏனென்றால் இதில் ஆடுவதற்கு ஒருவரும் இல்லை. வேலி இருந்தது, கிணற்றுக்கட்டு இருந்தது, கூட்டிய வரிகளோடு முற்றம் இருந்தது. உம்மாவைக் காணவில்லை. காலையில் ஓடித் திரிந்த கோழிகளையும் காணவில்லை.

உம்மாவுக்கு வந்த கோபம். இடுப்பு முறிய நான் கூட்ட, என்னக் காணல்ல, குப்பையக் காணல்ல எண்டு காட்டுது உன்ட மெசின் என்று படத்தை என் மடியில் எறிந்தார். வாப்பா சிரித்தார். தம்பி போன பிறகு அவர் சிரித்து நாங்கள் கண்டதில்லை. படத்தை வாங்கிப் பார்த்தார். முகமில்லாத படமாதலால் அவருக்கு அதைத் தொடுவதில் தயக்கமிருக்கவில்லை. ஆட்கள் எங்கே போனார்கள் என்று கேட்டார். திரை திறந்திருக்கும்போது ஓரிடத்தில் நிற்பதுதான் படத்தில் விழும், அசைந்துகொண்டிருப்பது புகை மாதிரிப் போய்விடும் என்றேன். பள்ளிக்கூடத்தில் விளக்குவதைப் போல நீட்டி விளக்கினேன். அவர் படத்தைத் திருப்பித் தந்தார்.

பிறகு ஒருநாள், சாப்பாட்டுக்குக் கை கழுவிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"நான் கடப்படியில வந்து அசைஞ்சுக்கிட்டு இருந்தா என்ன விழும்?"

"நிழல் மாதிரி ஒண்டு விழும் வாப்பா."

"அவனுக்கு அது போதுமா?"

 அழுகை வரும் நேரத்தில் எனக்குக் கோபம்தான் வரும். போதாது, ஆனால் அவனுக்கு இப்போது அதுவுமில்லை என்று வெடுக்கென்று சொன்னேன். வாப்பா தலையாட்டினார். ஒரு நிபந்தனை வைத்தார். முகம் விழுந்தால் கிழித்துவிட வேண்டும். கழுவி வந்ததும் முதலில் தன்னிடம் காட்ட வேண்டும். நான் ஓமென்றேன். எவ்வளவு நேரம் திறந்திருக்கும் என்று கேட்டார். ஒரு குல்ஹுவல்லாஹ் என்றேன்.

"உன்ட குல்ஹுவல்லாஹா, என்ட குல்ஹுவல்லாஹா?"

நான் ஓதுகிற அவசரம் அவருக்குத் தெரியும். உங்களுடையதுதான் என்றேன். அவருடையது நிதானமானது.

அடுத்த நாள் சுபஹு தொழுதுவிட்டுப் பள்ளியிலிருந்து வந்தவர் நேரே கடப்படியில் நின்றார். வெள்ளைச் சாரன், தோளில் சால்வை, தலையில் தொப்பி. தொப்பியை இரண்டு தரம் சரிசெய்ததைக் கவனித்தேன். மறைந்து போகப் போகிற மனிதருக்குத் தொப்பி எப்படி இருந்தால் என்ன என்று உள்ளுக்குள் நினைத்துக்கொண்டேன். உரலுக்குப் பின்னால் முழங்காலிட்டேன். அசையத் தொடங்குங்கள் வாப்பா என்று சொல்லி, விசையை அழுத்திப் பூட்டிவிட்டு, அவர் ஓதுவது போலவே ஒவ்வோர் ஆயத்தின், ஒவ்வொரு வசனத்தின், முடிவிலும் நிறுத்தி ஓதினேன். ஓதும்போது என் கண் தானாக மூடிக்கொள்ளும். ஓதி முடித்து வயரை விட்டுக் கண்ணைத் திறந்தபோது வாப்பா செருப்பைக் கழற்றிக்கொண்டு வீட்டுக்குள் ஏறிக்கொண்டிருந்தார். இன்னொன்று எடுக்கட்டுமா என்று கேட்டேன். போதும் என்றார்.

பிலிமில் மிச்சம் இருந்ததையெல்லாம் அன்று பின்னேரமே கோழிகளை எடுத்துத் தீர்த்தேன். அவ்வளவு கோழிப் படம் எங்கள் ஊரில் வேறு எவரிடமும் இருந்திருக்காது.

ஸ்டூடியோக்காரர் உறையைத் தந்தபோது கோழிகள் எல்லாம் இருந்தன. வாப்பாவின் படத்தைக் காணவில்லை. கேட்டேன். அவர் பெரிய உபகாரம் செய்தவர் போலச் சொன்னார்.

"அதுல வாப்பாட கை ஆடிப் போச்சி டீச்சர். அதான் அடிக்கல்ல. அவர ஒருக்கா இங்க கூட்டிட்டு வாங்க, நல்லா எடுத்துத் தாறன்."

கை ஆடிப் போச்சி என்றால் மற்றதெல்லாம் ஆடவில்லையா? நெகட்டிவை வாங்கிக் கடை வாசல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேன். விரல் அளவு கட்டத்தில் வேலி இருந்தது, கடப்படி இருந்தது, நடுவில் வாப்பா நின்றார். நெகட்டிவில் வெள்ளை கறுப்பாகத் தெரியும். அதனால் அவர் நரைத்த தாடி கறுத்து, என்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கைபிடித்துக் கூட்டிப்போன வயதில் இருந்தார். முகம் அசையவேயில்லை. நேரே பார்த்துக்கொண்டிருந்தார்.  இதை இப்போதே பிரிண்ட் போட்டுத் தந்தால்தான் போவேன் என்று அங்கேயே நின்றுகொண்டேன். ஆடின படத்துக்கு இந்தப் பிடிவாதமா என்று அவர் முணுமுணுத்துக்கொண்டு உள்ளே போனார்.

பிரிண்டில் எல்லாம் இன்னும் தெளிவாக இருந்தது. கண்ணுக்குக் கீழே இருந்த சுருக்கம், கன்னத்தில் பழைய தழும்பு, தொப்பியின் தையல். ஒரு குல்ஹுவல்லாஹ் நேரம் முழுவதும், அவருடைய நிதானமான குல்ஹுவல்லாஹ் நேரம் முழுவதும், மூச்சைக்கூட அடக்கி நின்றால்தான் ஒரு முகம் அப்படி விழும். வலது கை மட்டும் தோளுக்கு மேலே வெள்ளைப் புகையாகக் கலைந்திருந்தது.

பஸ்ஸில் வரும்போது மனம் ஒரு நிலையில் இல்லை. சந்தோஷப்பட்டேன், உடனே பயந்தேன். முகம் விழுந்தால் கிழிக்க வேண்டும் என்பது பேச்சு. அவருக்கு விளங்கவில்லையோ, அசைவதென்றால் கையை அசைப்பது போதும் என்று நினைத்துவிட்டாரோ? அப்படியானால் காட்டின உடனேயே கிழித்துவிடுவார். காட்டாமல் தம்பிக்கு அனுப்பிவிடலாமா என்று ஒரு யோசனை வந்தது. சவூதிக்குப் போகிற ஆள் அந்தக் கிழமையே இருந்தார். ஆனால் காட்டுவேன் என்று ஓம் சொன்னவள் நான். சன்னலில் நின்று எடுக்காமல் விட்டதை இப்படி எடுத்தால் அது என்ன கணக்கு?

அசர் தொழுதுவிட்டு வந்து விறாந்தையில் இருந்தவரின் கையில் படத்தைக் கொடுத்தேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார். உம்மா அடுப்படியிலிருந்து வந்து எனக்குப் பின்னால் நின்றார். வாப்பா படத்தைக் கிட்டப் பிடித்துப் பார்த்தார், தள்ளிப் பிடித்துப் பார்த்தார். அவருடைய பெருவிரல் காகிதத்தின் ஓரத்தில் இருந்தது. நான் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"முகம் விழுந்திட்டு வாப்பா," என்றேன். "நீங்க அசையல்ல."

"அசைஞ்சன்தானே மகள்." புகையாய்க் கலைந்திருந்த இடத்தை விரலால் தொட்டுக் காட்டினார். "கையப் பாரு. அவன் போன அண்டைக்குக் காட்டாத கை."

படத்தை என்னிடம் நீட்டினார்.

"அனுப்பு," என்றார்.